பன்னிரண்டு விநாடிப் பச்சைக் கோடு

ஜெஸ்லினுக்கு வாய் கொஞ்சம் கம்மி. திருச்சி மேலப்புதூரில் அவள் வீட்டுத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். ஸ்கூலில் டீச்சர் அநியாயமாகத் திட்டினால்கூட ஏன் என்று கேட்கமாட்டாள். வீட்டுக்கு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த டீச்சரைப் படமாக வரைந்து வைப்பாள், அதோடு சரி. அப்படி வரைந்து வரைந்தே விஷுவல் கம்யூனிகேஷன் படித்தாள். சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் மூன்று வருஷம் குப்பை கொட்டினாள். அப்பா இருதயநாதன் திருவெறும்பூர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் ஊருக்கே திரும்பி, சாலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சின்னதாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். நகைக்கடை, ஜவுளிக்கடை, மணப்பாறை முறுக்குக் கம்பெனி என்று யார் வந்தாலும் அவர்கள் பெயரைத் திரையில் பத்துப் பன்னிரண்டு விநாடி ஓடவிட்டு, ஆடவிட்டு, கடைசியில் அழகாக உட்காரவைத்துக் கொடுப்பாள். இதற்கு மோஷன் கிராஃபிக்ஸ் என்று பெயர். அம்மா அக்னஸ் மட்டும் இன்றுவரை சர்ச்சில் கேட்பவர்களிடம் 'கார்ட்டூன் வேலை' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உட்காரவைப்பதில் ஜெஸ்லினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திரையில் ஓடுகிறது எதுவானாலும் கடைசியில் மெல்ல வேகம் குறைந்து, ஓரிடத்தில் வந்து அமைதியாக நிற்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் பார்க்கிறவர் கண்ணை உறுத்தும் என்பாள். முறுக்கு சுழன்றுவந்து தட்டில் அடங்கும், ஜிமிக்கி ஆடி ஆடி ஓயும். யாரும் குறை சொன்னதில்லை.

பிறகுதான் அந்த ஆஸ்பத்திரி வேலை வந்தது. மாம்பழச்சாலையிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழியில் இருக்கிற இதய ஆஸ்பத்திரி. பெயர் நமக்கு வேண்டாம். அந்தப் பெயரை அழுதுகொண்டே பார்த்தவர்கள் நிறையப் பேர். விளம்பரப் பிரிவு மேனேஜர் சௌம்யநாராயணன், தெற்குச் சித்திரை வீதிக்காரர், நல்ல மனிதர். பார்த்தவுடன் இதயம் என்று தெரிய வேண்டும், நிஜம்போல இருக்க வேண்டும், இவ்வளவுதான் அவர் கேட்டது. ஜெஸ்லின் ஐ.சி.யூ.வுக்குள்ளேயே போய், கட்டில் பக்கத்து மானிட்டரை போனில் படமெடுத்து வந்து, அதே பச்சையில், அதே கட்டம் போட்ட கறுப்பில் ஒரு கோடு செய்தாள். கோடு நான்கு முறை துள்ளும். பிறகு துள்ளல் குறையும். கடைசியில் அடங்கி, நேர்க்கோடாக நீளும். அந்தக் கோட்டின்மேல் ஆஸ்பத்திரியின் பெயர் எழும்பும். கீழே, 'உங்கள் இதயம், எங்கள் கையில்'. பன்னிரண்டு விநாடி. மறுபடி முதலிலிருந்து.

போட்டுக் காட்டியபோது அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் இதய டாக்டர்கள். அந்தக் கோடு படுத்துவிடக் கூடாது என்று தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள், திரையில் அது படுப்பதைப் பார்த்துவிட்டு, பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று மட்டும் சொன்னார்கள். சௌம்யநாராயணன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"கடைசியில கோடு சாவகாசமா படுத்துக்கறது பாருங்கோ, நம்ம பெருமாள் சயனிச்சுண்டு இருக்கறாப்ல. ரொம்ப நன்னா இருக்கு."

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவருக்குப் படுத்திருப்பது என்றால் பெருமாள்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. படம் ஓகே ஆனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் இருதயநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஜெஸ்லின் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தாள். அப்பாவை உள்ளே எடுத்துப்போனதும் ஐ.சி.யூ.வுக்கு வெளியே இருக்கிற ஹாலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். ஐ.சி.யூ. கதவுக்கு நேர்மேலே பெரிய டி.வி. அதில் அவளுடைய கோடு. துள்ளியது, குறைந்தது, படுத்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மானிட்டரில் கோடு படுத்தால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தம். சாலை ரோட்டு அறையில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நூறு தடவை பார்த்தும் தெரியாதது, இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தடவையே தெரிந்துவிட்டது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா மட்டும் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடு துள்ளும்போது அவர் உதடு அசைந்தது. கோடு படுத்ததும் உதடு நின்றது, கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மறுபடி துள்ளியதும் மூச்சு விட்டார். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவை இது நடந்தது.

அவர் பெயர் ஷரபுன்னிசா. நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கம் வீடு. கணவர் ஹபீபுல்லாவுக்குப் பெரிய கடை வீதியில் பை தைக்கிற கடை. ஐந்து நாளாக முதல் கட்டிலில் இருக்கிறார். ஒரே மகன் ஹாலித் குவைத்தில். வெள்ளிக்கிழமை காலை திருச்சியில் வந்து இறங்குகிறான். இவ்வளவையும் செவ்வாய்க்கிழமை அவரே ஜெஸ்லினிடம் சொன்னார். டி.வி.யைக் காட்டி, அது உள்ளே இருக்கிற அவங்களோட நெஞ்சுத் துடிப்பு என்றார்.

பின்வரிசையில் இருந்த ஒருத்தர் அது வெறும் விளம்பரம் என்று சொல்லிப் பார்த்தார். ஷரபுன்னிசா கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"உள்ள அவங்க தலைமாட்டுல இதே பச்சைக் கோடு ஓடுறதை என் கண்ணால பார்த்தேங்க. விளம்பரம்னா அது நின்னுபோறதை எவனாவது காட்டுவானா?"

அந்த மனிதர் தன் போனுக்குத் திரும்பிவிட்டார். ஜெஸ்லினுக்குப் பதில் தெரியும். நான்தான் காட்டினேன், தெரியாமல் காட்டிவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் அது வந்த வழியே இறங்கிவிட்டது. ஐந்து நாளாக உங்கள் கணவரைச் சாகடித்துச் சாகடித்துப் பிழைக்கவைத்தது நான் என்று எப்படிச் சொல்வது? பழைய பழக்கம், வாயால் ஆக வேண்டியதைக் கையால் செய்யப் போனாள்.

சௌம்யநாராயணனுக்கு போன் போட்டு, படத்தில் ஒரு சின்ன மாற்றம், நானே செய்து தருகிறேன் என்றாள். என்ன மாற்றம் என்று சொல்லவில்லை. புதன்கிழமை பகல் முழுக்க அதே ஹாலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஷரபுன்னிசாவுக்கு நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்து வேலை செய்தாள். கோடு படுக்கிற இடத்தை எடுத்துவிட்டாள். துள்ளிக்கொண்டே இருக்கிற கோட்டின்மேல் பெயர் எழும்பும், பெயர் மறையும், கோடு துள்ளிக்கொண்டே இருக்கும். முடிவும் தொடக்கமும் எங்கே ஒட்டுகின்றன என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் செய்ததிலேயே நேர்த்தியான வேலை என்றால் அதுதான். வியாழக்கிழமை காலையில் டி.வி.யில் புதுப் படம் ஓடியது. முன்னதைவிட இது உயிரோட்டமாக இருக்கிறது என்று மேனேஜர் மெசேஜ் அனுப்பினார்.

பத்து மணிக்குள் ஷரபுன்னிசா அதைக் கவனித்துவிட்டார். ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தார். பிறகு தலையை மூடியிருந்த தட்டத்தைச் சரிசெய்துகொண்டு, ஏழு நாளில் முதல் தடவையாக டீ கேட்டார். டீயைப் பாதி குடித்துவிட்டு மகனுக்கு போன் போட்டார். ஜெஸ்லினுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அத்தா தேறிவிட்டார், காலையிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை, அரபி முதலாளி லீவு தர மூக்கால் அழுகிறான் என்றாயே, நீ அவசரப்பட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, டிக்கெட்டைத் தள்ளிப்போடு, ரெண்டு வாரம் கழித்து வந்தால் அத்தாவோடு நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

இப்போதாவது எழுந்து போய்ச் சொல், ஜெஸ்லின். அவள் எழுந்தாள். நான்கு நாற்காலி தூரம்தான். அந்நேரம் பார்த்து நர்ஸ் வந்து, இருதயநாதனை வார்டுக்கு மாற்றுகிறோம், நல்லா இருக்கிறார் என்றாள். சந்தோஷத்தில் கால் அப்பா பக்கம் போய்விட்டது. சந்தோஷம் என்பதும் ஒரு சாக்குத்தான். அப்பாவை நான்காவது மாடியில் படுக்கவைத்து, அம்மாவுக்கு போன் செய்து, கஞ்சி வாங்கிக்கொடுத்து, அன்றைய பொழுது ஓடிவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரெண்டு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு, என்ன ஆனாலும் இன்று சொல்லிவிடுவது என்று ஹாலுக்கு இறங்கிவந்தாள். ஜன்னலில் ராஜகோபுரம் வெயிலில் தெரிந்தது. டாக்டர் அவளுக்கு முன்பே வந்து ஷரபுன்னிசா எதிரில் நின்றிருந்தார். முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷரபுன்னிசா அழவில்லை. கதவுக்கு மேலே கையைக் காட்டினார்.

"இல்லைங்க, இங்க ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? நீங்க வேற யாரையோ பார்த்துட்டு வந்து சொல்றீங்க. முதல் பெட்டுங்க. போய்ப் பாருங்க."

டாக்டர் டி.வி.யைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெஸ்லின் டீயை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அம்மா, அது நான் செஞ்சதும்மா. விளம்பரம்தான். அது நிக்கிறப்பல்லாம் நீங்க பயப்படுறீங்கன்னு நான்தான் நிக்காம மாத்திட்டேன்."

ஷரபுன்னிசா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெஸ்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப நிறுத்தும்மா," என்றார்.

ரிமோட் மேனேஜர் அறையில் பூட்டியிருந்தது. மேனேஜர் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தார். செக்யூரிட்டி காத்தமுத்து ஸ்விட்ச் எங்கே என்று சுவரைத் தடவினார். அதுவரை கோடு துள்ளிக்கொண்டேயிருந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் இப்போது அதைத்தான் பார்த்தார்கள். கடைசியில் ஜெஸ்லின் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினாள். அவளுக்குப் பிடித்தபடி மெல்ல அடங்கவெல்லாம் இல்லை. வெடுக்கென்று நின்றது.

கறுத்த திரையைப் பார்த்தபிறகுதான் ஷரபுன்னிசா, "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று மரணத்துக்குச் சொல்கிறதைச் சொல்லி, தட்டத்தால் முகத்தை மூடிக்கொண்டார். உடலை எத்தனை மணிக்கு எடுப்பது என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். இன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் என்று அவரே சொன்னார். குவைத்திலிருந்து அதற்குள் யாரும் வந்துசேர முடியாது. போட்ட டிக்கெட்டிலேயே கிளம்பியிருந்தால் ஹாலித் இந்நேரம் இந்த ஹாலில் நின்றிருப்பான்.

நாற்காலியிலிருந்து இறங்கிய ஜெஸ்லினிடம் ஷரபுன்னிசா மகனின் நம்பரை அழுத்தித் தன் போனை நீட்டினார்.

"எம் மவனை வர வேணாம்னு சொல்லிட்டேன். நீயே சொல்லிரும்மா."

மணி போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மணியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள். மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல், "அம்மா, அத்தா எந்திரிச்சு உக்கார்ந்துட்டாங்களா?" என்று கேட்டது.