விற்றதில் வாரமா, மிச்சத்தில் வாரமா

பாலக்காடு பக்கம் கொல்லங்கோட்டில் எங்கள் வயலைப் பார்க்கக் கார்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கடை ஆசை பிடித்தது. யாரோ எடுத்துப் போட்ட வீடியோ செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், எர்ணாகுளத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து எங்கள் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் சேற்றில் வழுக்கி விழுவார்கள். பிறகு எங்கள் வாசலுக்கு வந்து, டீ கிடைக்குமா என்பார்கள். நாலு மாடு வைத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? போட்டுக் கொடுப்பேன், காசு வாங்கத்தான் கூச்சமாக இருக்கும். சாலையோரம் உரமூட்டை அடுக்கும் அறை ஒன்று எங்களுக்கு இருந்தது. அதைக் கடையாக்கினால் என்ன என்று தோன்றியது.

அதுவும் சாதாரணக் கடை எனக்கு வேண்டாம். பாலக்காட்டில் ஒரு பெரிய டீ கம்பெனியின் கிளையைப் பார்த்து மயங்கியிருந்தேன். பளபளவென்ற போர்டு, ஒரே நிறத்தில் சட்டை போட்ட பையன்கள். அந்தப் பெயரில் கடை வைக்க ஃபீஸ் மூன்று லட்சம் என்று ஃபோனில் சொன்னார்கள். பதினோரு வருடம் பால் சொசைட்டிக்கு ஊற்றி நான் சேர்த்ததும் மூன்று லட்சம்தான். கடவுளே கணக்குப் பார்த்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

என் கணவரின் அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். தமிழ்நாட்டு எல்லையில், கோவிந்தாபுரத்தில் இருக்கிறார். விஷயம் தெரிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"டீ விக்கறதுக்குப் பேரைக் காசு குடுத்து வாங்கோணுமா அம்மிணி? உனக்கொரு பேரு வெக்கத் தெரியாதா?"

"அட்வான்ஸாட்டங்க நங்கையா. கடையைக் காலி பண்றப்பத் திருப்பிக் குடுத்துருவாங்க."

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. கட்டடம் வாடகைக்கு எடுத்தால் அட்வான்ஸ் கொடுப்போம், காலி செய்யும்போது வாங்கிக்கொள்வோம். மொத்தமாகக் கொடுக்கிற பணம் என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வந்தார். சின்ன வயது, மலையாளி, சிரித்த முகம். ஒரு டீ குடித்துவிட்டுக் காகிதங்களைப் பரப்பினார். ஃபீஸ் போக மாதாமாதம் ராயல்டி என்றார். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த என் கணவர் நிமிர்ந்தார். எங்கள் பக்கம் ராயல்டி என்றால் கல்குவாரிக்காரர்கள் சர்க்காருக்குக் கட்டுவது.

"நாங்க டீ ஆத்தப் போறமுங்க. மலையை ஒடைக்கலீங்களே?"

அந்தத் தம்பி சிரித்து, நூற்றுக்கு ஆறு என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இது வாரம். நிலம் ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, விளைந்ததில் பங்கு. "பேருதானுங்க அவுங்க நெலம், நாம உழுகறோம்" என்று கணவருக்குச் சொன்னேன். சொன்னபோது எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை. வாரம் என்று ஆனபின் அடுத்த கேள்வி தானாக வந்தது.

"ஏனுங்க தம்பி, வாரம் வித்ததுலயா, மிச்சத்துலயா?"

"வித்ததில் தன்னே சேச்சி."

"நட்டமாப் போனா?"

"அப்போழும் கொடுக்கணும்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். "செரி, அந்த மூணு லட்சத்தை எப்பத் திருப்பித் தருவீங்க?"

"அது திரிச்சு கிட்டில்ல சேச்சி."

திரும்பக் கிடைக்காது என்று அர்த்தம். இந்த ஊரில் இருந்துகொண்டு மலையாளம் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பால்காரியின் காதில் அது பால் திரிந்துபோனதாகத்தான் விழுந்தது. ஐந்து வருடம் முடிந்தால் மறுபடியும் ஃபீஸ் என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். பாலும் கம்பெனி அனுப்பும் பாக்கெட் பாலாகத்தான் இருக்க வேண்டும் என்றாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொல்லையில் செவலை மாடு அந்த நேரம் பார்த்துக் கத்தியது.

"இந்தக் காரெல்லாம் உங்க பேரைப் பாத்தா தம்பி நிக்குது? எங்க வயலைப் பாத்து நிக்குதுங்க. அப்ப யாரு யாருக்கு ஃபீஸ் கட்டோணும்?"

நல்ல பிள்ளை. கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாவது டம்ளரையும் குடித்துவிட்டு, டவுனில் கடை போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் உதவும், சேச்சிக்குத் தேவையில்லை என்று அவரே சொல்லி ஃபைலை மூடினார்.

ஓணத்துக்கு முன்பு கடை திறந்தோம். பஞ்சாயத்து லைசென்ஸ், பாய்லர், பெஞ்சு எல்லாம் சேர்த்து என் பணத்தில் பாதிகூட ஆகவில்லை. 'நாலு மாட்டு டீக்கடை' என்று போர்டு எழுதினோம். வருகிறவர்கள் இப்போது வயலோடு போர்டையும் படம் எடுக்கிறார்கள், சிலர் கொல்லைக்குப் போய் மாடுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். டீக்குக் காசு வாங்க இப்போது கூச்சமே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கையா வந்தார். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டத்தையே பார்த்தார்.

"செக்போஸ்ட்டுக்குப் பக்கத்துல எனக்கொரு ரூமு சும்மா கெடக்குது அம்மிணி. உன்ற பேருலயே நானும் ஒரு போர்டு வெச்சுக்கட்டுமா?"

"உங்க ஊட்டுல ஒரு மாடுகூட இல்லீங்களே நங்கையா."

"பேருதான கேக்கறேன்?"

"பேரு வெச்சா, பாலு எங்ககிட்டத்தானுங்க வாங்கோணும். டீ நல்லா இல்லீன்னா கெடறது எங்க பேருங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கணவர், "அப்பிடியே ராயல்டியையும் சொல்லீரு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் நங்கையா பாதி நிலத்தை வாரத்துக்கு விட்டிருப்பவர். விரலை நீட்டிக் கேட்டார்.

"செரி, வாரம் வித்ததுலயா, மிச்சத்துலயா?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"வித்ததுலதானுங்க நங்கையா" என்றேன்.