சேவியர் பார்த்த மூன்று விளக்குகள்

இந்த ஊரில் கண் பரிசோதனைக்குப் போனால் பேய் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். அயர்லாந்துக்கு வந்து பதினொரு வருடமாகிறது. முதியோர் இல்லமொன்றில் நர்ஸ் வேலை. மருந்து அட்டைகளில் எழுத்து கலங்குகிறதே என்று போன வருடம் கடைத்தெருவிலிருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். பரிசோதித்த இளைஞர் சுவரிலிருந்த எழுத்துகளைக் காட்டி, “எனி கோஸ்ட்ஸ்?” என்றார். நான் கத்தோலிக்கப் பெண், பேய் பிசாசையெல்லாம் நம்புவதில்லை என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓர் எழுத்துக்குப் பக்கத்திலேயே அது நிழல்போல இன்னொன்றாகத் தெரிகிறதா என்பதைத்தான் அப்படிக் கேட்பார்கள் என்றார். தெரிந்தது. இதற்குக் கெரட்டோகோனஸ் என்று பெயர், கருவிழியின் முன்பக்கம் மெலிந்து கூம்பாகப் பிதுங்கிவிடும், உங்களுக்கு ஆரம்பம்தான், கண்ணாடியே போதும் என்றார். முற்றியவர்களுக்கு ஒரு விளக்கு இரண்டாகவும் மூன்றாகவும் தெரியுமாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, ஓயாமல் கண்ணைக் கசக்குகிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை இன்னொரு முறை மெதுவாகக் கேட்டார்.

என் தம்பி சேவியர் சின்ன வயதிலிருந்தே விரல் முட்டியால் கண்ணைக் கசக்குவான். கடலைக் காட்டுப் புழுதி என்று நினைத்தோம். அதற்கு ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில், அம்மாவை டிவிஎஸ் வண்டியில் பின்னால் வைத்துக்கொண்டு இலுப்பூரிலிருந்து எங்கள் ஊரான ஆவூருக்கு வந்துகொண்டிருந்தான். எதிரே ஒற்றை விளக்கோடு ஒரு வண்டி வந்திருக்கிறது. இவன் ஒதுங்கியதில் டிவிஎஸ் பாலத்துக் கட்டையில் மோதியது. அவனுக்குச் சிராய்ப்பு, அம்மா அங்கேயே போய்விட்டார். அப்பா இல்லாத வீட்டில் எங்களை வளர்த்தவர்.

அடக்கத்துக்கு நான் பத்து நாள் விடுப்பில் பறந்து வந்தேன். எப்படிடா நடந்துச்சு என்று கேட்டதற்கு அவன் சொன்னது இவ்வளவுதான்: “மூணு லைட்டு வந்துச்சுக்கா. நடுவுல உள்ளதுதான் நெசம்னு நெனச்சு ஒதுங்குனேன்.” திருவிழாவுக்கு எப்போதாவது குடிப்பவன்தான். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் வாய் திறந்து சொன்னது நான். “குடிச்சவனுக்குத்தாண்டா ஒண்ணு மூணாத் தெரியும். குடிச்சுப்புட்டு அம்மாவக் கொன்னுட்டியே.” அவன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. வெளியூரில் இருக்கும் நமக்கு இது ஒரு வசதி. பத்து நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடலாம். அந்தத் தீர்ப்போடு அதே தெருவில் தினமும் நடக்கப்போகிறவன் வேறொருவன். நானோ நர்ஸ்; அது நோயாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

கண்ணாடிக் கடையிலிருந்து வந்த அன்றே போன் போட்டேன். அவன் மனைவி ரோஸ்லின் எடுத்து, ஒன்றும் பேசாமல் அவனிடம் கொடுத்தாள். இப்பவும் லைட்டு மூணாத் தெரியுதா என்று கேட்டேன். “இப்ப எண்ண முடியலக்கா” என்றான்.

அடுத்த மாதமே விடுப்பெடுத்து ஊருக்குப் போய், திருச்சியில் ஒரு கண் மருத்துவமனைக்கு அவனையும் ரோஸ்லினையும் கூட்டிப்போனேன். வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, அதற்கு வேறொருவர் தானம் செய்த கருவிழியை வைக்க வேண்டும், இடது கண்ணுக்கு ஸ்க்லீரல் லென்ஸ் பொருந்தும் என்றார் மருத்துவர். சாதாரண லென்ஸைவிடப் பெரியது. பிதுங்கிய இடத்தைத் தொடாமல் வெள்ளை விழியின் மேல் உட்காரும். கிண்ணம்போன்ற அதன் குழியில் மருந்துநீரை நிரப்பி, முகத்தைக் கவிழ்த்து வைத்துப் போட வேண்டும். ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் கழற்றி மறுபடி போட வேண்டும். அளவுபார்க்கப் போட்ட முதல் லென்ஸ் உறுத்தியது, இரண்டாவதில் குமிழி. மூன்றாவது நின்றது. சுவரிலிருந்த எழுத்துகளைக் கடைசிக்கு முந்திய வரிவரை வாசித்தான். ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டாக்டரம்மா, ஆறு வருசத்துக்கு முன்னாடியும் எனக்கு இது இருந்திருக்குமா?”

“கண்டிப்பா இருந்திருக்கும். சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கும்.”

“அத ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?”

எந்த ஆபீசுக்கு என்று அவர் கேட்டார். “ஆபீசுக்கு இல்லம்மா, எனக்கு” என்றான் சேவியர். பழைய பரிசோதனை எதுவும் இல்லாததால் இன்றைய நிலையை மட்டும்தான் எழுத முடியும் என்று சொல்லி, அப்படியே எழுதிக் கொடுத்தார். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

சில வாரங்கழித்து லென்ஸ் தயாராகி வாங்கிவந்த அன்று, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். “எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாப் போச்சுக்கா. குடிச்சுத்தான் இருப்பேன்னு ஆயிருச்சு. பாவசங்கீர்த்தனத்துலயும் குடிச்சேன்னுதான் சொன்னேன். சாமியாரு மன்னிச்சாரு. குடிக்காததுக்கு.” நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் விலக்கவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அம்மாவின் நினைவுப் பூசை முடிந்து உறவெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். அன்றைக்கு என் தம்பி குடிக்கவில்லை, அது கண் நோய், அவன்மேல் பழி போட்டது நான்தான் என்று சொன்னேன். இந்த ஒன்றைச் சொல்வதற்காகத்தான் விடுப்பை நீட்டியிருந்தேன். பெரியப்பா, “பழசெல்லாம் எதுக்குத் தாயி, உக்காரு” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். சேவியர்தான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தான். அடுத்த இலைக்கு நகர்ந்தபோது, கண்ணில் தளும்பிய நீரை வழக்கம்போல முட்டியால் கசக்கப் போய், லென்ஸ் நினைவுக்கு வந்து கையை இறக்கிக்கொண்டான்.

துபாய் வழியாக அயர்லாந்துக்கு நான் கிளம்பிய நாள் திருச்சி விமான நிலையம்வரை வந்தான். ஆறு வருடத்தில் முதல் முறை. வாசலில், புறப்படும் விமானங்களின் பலகையை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றான். சிங்கப்பூர், கொழும்பு, துபாய், அபுதாபி என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசித்தான். கடைசிவரை வாசித்துவிட்டு, மறுபடி மேலேயிருந்து தொடங்கினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நல்லாப் பாத்துட்டேன்க்கா. நீ இருக்குற ஊரு இதுல எங்கிட்டுமே இல்லயே.”