சால்வைத் தட்டு

தோழிகளே, நாச்சாரம் ஆய்வுக்கூடத்தில் என் இரும்புக் கரைசல் பேட்டரி இன்று செத்தது.

ஒரு வருடம் அது உழைத்தால்தான் என் வேலை நிரந்தரம். கரைசலை ஓயாமல் சுற்றவிடும் பம்பு நின்றால் அதில் துரு படிந்துவிடும்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டுத் திரும்பினால், தொட்டி முழுக்கச் செந்நிறச் சேறு.

“ராத்திரி மெயினை நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன், கரண்ட் மிச்சம்,” என்றார் மேலாளர், செகந்திராபாத் தமிழர். “பேட்டரிதானே, தன் கரண்ட்லயே பம்பை ஓட்டிக்காதா?”

எனக்குக் கண் கலங்கியது.

“அழுகை நக்கோம்மா, வேணாம். வீட்டுக்குப் போங்க. குழந்தையாவது ஒரு வருஷம் தாங்குதா பாருங்க.”

மாலையில் மின்சாரச் சிக்கனத்துக்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அங்கே இருக்கும் ஒரே பெண் என்பதால் தட்டை ஏந்தி நின்றது நான்.

உங்கள் ஆபீஸில் தட்டு யார் கையில்?