கரண்ட் இல்லாத காணிக்கும் பிளேன் வேணும்

காலை ஐந்தரைக்கு எல்கடுவையில் பஸ் ஏறினோம். நானும் சம்சாரம் செல்வியும். மாத்தளையில் இறங்கி இரத்தோட்டை பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். வழியில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். எங்கள் காணியைப் பார்க்க அன்றைக்குப் பிரதேச சபை ஐயா வருகிறார். அவர் சரி என்றால் வீடு. இல்லை என்றால் பழையபடி தோட்டத்து லயத்து ஒற்றை அறைதான்.

இரத்தோட்டையில் திரீவீல் பிடித்தோம். எழுநூறு ரூபா.

"அந்தப் பக்கம் லைட் போஸ்டே இல்லையே அண்ணே. பேய்க்கா வீடு கட்டுறீங்க?" டிரைவர் தம்பி கேட்டான்.

"சோலார் போடுறோம்."

"அப்ப பகல்ல நல்லா லைட் எரியும்னு சொல்லுங்க."

செல்வி அப்போதுதான் சிரித்தாள்.

ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, அரை மைல் ஏற்றம். பதினைந்து பேர்ச் காணி, நாலாயிரம் சதுர அடி சொச்சம். லைட் போஸ்ட் வராத இடம் என்றபடியால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது. கூரைத் தண்ணிக்கு ஒரு டேங்க், ஒரு சோலார் பலகை, ஒரு பெட்டரி. அரசாங்கத்திடம் கரண்டும் கேட்கவில்லை, தண்ணியும் கேட்கவில்லை, பிறகு எதற்கு பெர்மிட் என்றுதான் முதலில் நினைத்தேன். சபையில் சிரித்தார்கள். "கரண்ட் இல்லாட்டியும் கக்கூஸ் இருக்குமே" என்றார்கள். சரி என்று வீட்டு வரைபடம், பிளேன், கீறிக் கொடுத்தோம். போன தடவை வந்து கக்கூஸ் குழியையும் வெட்டி வைத்தேன். ஐயா வரும்போது வேலை தெரியட்டும் என்று.

ஒன்பதரைக்கு ஐயா வந்தார். கீழ்க் காணி குசுமா அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்.

ஐயா சரிவைப் பார்த்தார். "மேட்டை வெட்டாதீங்க, மண் இறங்கும்" என்றார். பிறகு குழிக்கிட்ட நின்றார்.

"யாரு வெட்டினது?"

"நான்தான் சேர்."

"நல்லா வெட்டியிருக்கீங்க. மூடுங்க."

ஐயா கீழே கையைக் காட்டினார்.

"மேல குழி, நேர் கீழ இந்த அம்மா குடிக்கிற ஊத்து. இங்க விடமாட்டோம். ஐம்பது அடியாவது தள்ளிப் போகணும்."

தள்ளிப் போக ஒரே இடம் வடக்கு மூலை. அது குசுமா அக்கா எல்லையோடு ஒட்டுது. அங்கே வைப்பதென்றால் அவர் சம்மதம் எழுத்தில் வேணும் என்றார் ஐயா. செல்வி என் கையைப் பிடித்தாள். அக்கா முடியாது என்றால் எல்லாம் முடிந்தது.

"அந்தப் பக்கம் எனக்கு வாழைதானே, வெச்சுக்குங்க" என்றார் அக்கா.

"அக்கா, அன்னைக்கு நான் வெட்டினப்பவே பார்த்தீங்கதானே. ஏன் சொல்லல?"

"பகல் பூரா மாடு மாதிரி வெட்டினே, மல்லி. நீயும் நங்கியும் எவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது? ஐயா வரட்டும்னு இருந்தேன்."

அவருக்கு நான் மல்லி, தம்பி. செல்வி நங்கி, தங்கச்சி. அன்றைக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தது அவர்தான். நான் குடித்துவிட்டு அவர் ஊற்றுக்கு மேலேயே வெட்டிக்கொண்டு இருந்தேன்.

ஐயாவின் பைல் மேல் வைத்து அக்கா கையெழுத்துப் போட்டார். "பிளேனை மாத்திக் கீறிக் கொண்டு வாங்க, நான் சரின்னு எழுதுறேன்" என்று ஐயா இறங்கிப் போனார்.

மண்வெட்டி எடுத்து மூடினேன். செல்வி மிதித்தாள். அக்கா ஒரு வாழைக் கன்று கொண்டு வந்து அந்த இளகின மண்ணில் வைத்தார். "கஷ்டப்பட்டு வெட்டினது, சும்மா போகக் கூடாது" என்றார்.

லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் அழுக்கு யார் தண்ணியில் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எங்களிடமும் யாரும் சொன்னதில்லை. ஐயா சொன்னது நல்லது.

மூன்று மணிக்கு இறங்கினோம். போத்தலில் அக்கா தன் ஊற்றுத் தண்ணியை நிரப்பிக் கொடுத்திருந்தார். எல்கடுவை வரைக்கும் அதைத்தான் குடித்தோம்.