பால் வெட்டும் கத்திக்கு எத்தனை புள்ளி

ஈப்போவில் நண்பன் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஞாயிறு மதியங்களில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். ஆளுக்கொரு வீரனாகப் பாத்திரம் எடுத்துக்கொண்டு கதைக்குள் புகுந்து, சண்டை வந்தால் பகடை உருட்டும் மேசை விளையாட்டு. கதை சொல்லும் நடுவர் நான். ஆறு வருஷமாக நான்தான். அலுவலகத்தில் என் பேச்சை யாரும் மதிப்பதில்லை. அந்த மாடியில் நான் வைத்ததே சட்டம்.

போன வருஷம், ரப்பர் தோட்டத்தில் கொள்ளையர் புகும் கதை ஒன்றை எழுதினேன். விதிப் புத்தகத்தில் வாளுக்கும் கோடரிக்கும் சேதக் கணக்கு உண்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திக்கு ஏது? வாளுக்குச் சமமாக எட்டு முகப் பகடை என்று நானே போட்டேன். தோட்டத்துப் பரம்பரை என்று வாய் கிழியப் பேசுவேனே தவிர, அந்தக் கத்தியைத் தொட்டதுகூட இல்லை.

அந்தக் கதையை ஆடிய அன்றைக்கென்று கடைக்கார நண்பன் ஒருவரைக் கூட்டி வந்திருந்தான். பக்கத்து ஊரான லகாட்டில் லாரி ஓட்டுபவர், இளவயதில் பால் வெட்டியவர். நண்பனின் வீரன் கத்தியால் கொள்ளையன் நெஞ்சில் குத்தினான். பகடையில் எட்டு. ஆள் காலி என்றேன்.

"அதுல குத்த முடியாதே தம்பி," என்றார் அவர். "முனையே இல்ல. இழுத்துத்தான் வெட்டணும். பட்டைய மெல்லிசா சீவுறதுக்கு உள்ள சாமான் லா அது. ஆனா வெரல்ல இழுத்துச்சுன்னா போச்சு, அப்புறம் ஒண்ணையும் புடிக்க முடியாது." ஒரு கரண்டியை எடுத்து மேசை விளிம்பில் இழுத்துக் காட்டினார்.

"அண்ணனுக்கு எல்லாம் தெரியுது மச்சான்!" என்றான் நண்பன். ஆறு வருஷத்தில் என்னை ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. பொறாமைதான், வேறென்ன.

நிஜம்தானே வேண்டும், எடுத்துக்கொள் என்று அடுத்த வாரம் புது விதியோடு போனேன். அவரும் ஒரு வீரனை எடுத்துக்கொண்டு ஆட உட்கார்ந்தார். இனி கையில் வெட்டுப்பட்டால் ஆயுதம் கீழே விழும். காலில் பட்டால் ஓட முடியாது. முதல் சண்டையிலேயே அவருடைய வீரனைக் குறிவைத்து, வலது கையில் கொள்ளையனின் பாராங் அரிவாளை இறக்கினேன். உள்ளுக்குள் இனித்தது. அவர் முகம் சுருங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"இதான் சரி தம்பி!" என்று மேசையைத் தட்டினார். அவருடைய வீரன் சாரோங்கைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டு, இடது கையில் பால் வாளியைத் தூக்கி மூன்று பேரை விரட்டினான். நண்பர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவ்வளவு நல்ல சண்டையை நான் நடத்தியதே இல்லை. போகும்போது அந்த விதிக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: அண்ணன் ரூல்.

அதன் பிறகு எவனுக்கு அடிபட்டாலும், "இவன் நடப்பானாண்ணே?" என்று அவரைத்தான் கேட்டார்கள். நடுவர் நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், அடுத்த கதைய அண்ணே நடத்தட்டுமே. நீயும் ஒரு தடவ வெளையாடிப் பாரு லா," என்றான் நண்பன்.

"தாராளமா," என்று சிரித்தேன். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவர் கதை தொடங்கிய அரை மணி நேரத்தில் என் வீரனின் தோளில் பாராங் விழுந்தது. பகடை உருண்டு நின்றது.

"அண்ணே, நான் பொழைப்பேனா?" என்று கேட்டேன்.

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.