அக்கா போன சனிக்கிழமை

எனக்குப் பதின்மூன்று வயதான கோடையில், சிட்னியில் சனிக்கிழமை தவறாமல் யாருக்காவது சாமத்திய வீடு நடந்தது. இங்கே பிள்ளை பெரியவளானவுடன் யாரும் சடங்கு செய்வதில்லை. பள்ளி விடுமுறை வரவேண்டும், ஹோல் கிடைக்கவேண்டும், லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற மாமாமார் வந்து சேரவேண்டும். அதனால் எல்லாச் சடங்குகளும் ஜனவரியில் வந்து விழும். ஒருத்தி பல்லக்கில் வந்தால் அடுத்தவள் குதிரை வண்டியில் வருவாள்.

அம்மாவுக்கு அது போட்டியாகத் தெரியவில்லை, கடமையாகத் தெரிந்தது. எங்கள் பூட்டனார் வெள்ளைக்காரர் காலத்தில் முதலியார் பட்டம் வாங்கியவர். கொழும்பில் அம்மா வளர்ந்த வீட்டில் சமையலுக்கும் காருக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். சிட்னியில் எங்களுக்குத் தெரிந்த யாரும் வீட்டோடு வேலைக்கு ஆள் வைத்திருக்கவில்லை. அம்மா வைத்திருந்தார்.

வேலைக்கு நின்றவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழும்பில் என் மாமி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தவரை அம்மா இங்கே கூட்டி வந்திருந்தார். துணி துவைக்கிற லோண்ட்ரிக்குப் பக்கத்து அறையில் படுத்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு குசினியில் நின்றபடி சாப்பிட்டார். விருந்தினர் வந்தால் மட்டும் அம்மா அவரைத் தூரத்துச் சொந்தம் என்பார். அப்போது அவரும் எங்களோடு கதிரையில் இருக்கவேண்டும். நுனியில் இருந்துகொண்டு, யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தனியாக வெளியே போனதை நான் கண்டதில்லை.

என் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஊரில் விட்டுவந்திருந்த மகள் பெரியவளானாள். அவளுக்கும் என் வயதுதான். காலைச் சாப்பாட்டு நேரம் அக்கா அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, புள்ள பெரிய மனுசியாயிட்டா. தண்ணி ஊத்துறதுக்கு நான் இருக்கணும். ஒரு தரம் போயிட்டு வந்துர்றேங்க."

அம்மா பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். "இப்பவோ? இவளின்ர சடங்கு முடியட்டும், பிறகு பாப்பம்."

"அதுக்குள்ள அங்க முடிஞ்சிரும்மா."

"போனில பாக்கலாம்தானே."

அப்பா எழும்பி வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா போனில்தான் பார்த்தார். நான் உடுப்பு எடுக்க லோண்ட்ரிக்குப் போனபோது, போனை வோஷிங் மெஷினில் சாய்த்து வைத்துவிட்டு என் சேலைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். திரையில் ஒல்லியான ஒரு பிள்ளை தலை குனிந்து நிற்க, யாரோ குடத்தால் தண்ணீர் ஊற்றினார்கள். படம் நின்று நின்று வந்தது.

"உங்க உயரந்தான் பாப்பா, பாத்தீங்களா," என்றார் அக்கா.

மடித்திருந்த துவாயை எடுத்து மறுபடியும் மடித்தேன். அன்று பின்னேரம் அம்மாவிடம் போய் எனக்குச் சடங்கு வேண்டாம் என்றேன்.

"ஆக்கள் பிளேன் ஏறிட்டினம்," என்றார் அம்மா.

சடங்கு நாளில் என்னை அலங்கரிக்கக் கிரவீனிலிருந்து ஓர் அன்ரி வந்தார். ஹோலின் பின்னறையில் அவர் எனக்குத் தலை இழுத்துக் கொண்டை போட, அக்கா பக்கத்தில் நின்று ஊசிகளை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை?" என்று அன்ரி சும்மா கேட்டார்.

"சொந்தம் இல்லங்க. வேலைக்கு நிக்கிறேன்."

வெளியாள் ஒருவரிடம் அவர் அப்படிச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். அன்ரியின் கை என் கொண்டையில் அப்படியே நின்றது.

"ஊருக்குப் போய் வாறேல்லையோ?"

"போகணுங்க. பாஸ்போட் அம்மாகிட்ட இருக்கு."

அன்ரி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். லோண்ட்ரி அறையை, மகளின் சடங்கை, அம்மாவின் பதிலை. அன்ரி மிச்சப் பூவையும் வைத்து முடித்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"என்ர கார் பின்பக்கம் நிக்குது. இப்ப என்னோட வாறீங்களோ?"

அக்கா குந்தியிருந்து என் சேலைக் கொசுவத்தை நேராக்கினார். எழும்பியபோது, "வர்றேங்க," என்றார். பிறகு என்னிடம், "அம்மா கேட்டா தெரியாதுன்னு சொல்லாதீங்க பாப்பா. போயிட்டேன்னு சொல்லுங்க."

மேடையில் அம்மா கமராவுக்குச் சிரித்தபடியே குனிந்து, "அவள் எங்க?" என்று கேட்டார்.

"போய்ட்டா."

சிரிப்பு மாறவில்லை. என் தோளில் இருந்த கை மட்டும் இறுகியது. பெண்கள் சோடி சோடியாக வந்து ஆலாத்தி சுற்றினார்கள். கார் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நகைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. அது அவருடைய கோபத்தை இன்னும் கூட்டியது போலிருந்தது. "அவளுக்கு என்ன குறை வைச்சனாங்கள்?" என்று வந்திருந்த சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சில கிழமைகள் கழித்து, அக்காவை நாங்கள் வைத்திருந்த விதத்தை விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடமும் கேட்டார்கள். அக்கா எங்கே படுத்தார், எப்போது சாப்பிட்டார், தனியாக வெளியே போவாரா. கண்டதைச் சொன்னேன். அவர்கள் போன பிறகு அம்மா கத்தவில்லை. "நீ என்ர பிள்ளைதானே," என்றார். அது கேள்வியா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வக்கீல்மார் பேசிக் கடைசியில் பாஸ்போட் அக்காவின் கைக்குப் போனது. அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். எங்கள் சனத்தில் ஒரு சிலர் எங்களை ஒதுக்கினார்கள். ஆனால் நிறையப் பேர் ஒதுக்கியது அந்த அன்ரியைத்தான். அடுத்த கோடைச் சடங்குகளுக்கு அவரைத் தலை இழுக்க யாரும் கூப்பிடவில்லை.

போன வருடம் பெண்டில் ஹில்லில் ஒரு கடையில் அந்த அன்ரியைக் கண்டேன். அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. நல்லா இருக்கிறா. மகளுக்கும் கலியாணம் முடிஞ்சுது."

"தாங்கோ அன்ரி. ஒருக்காக் கதைக்கவேணும்."

"தரமாட்டன் பிள்ளை," என்றார் அவர், கோபமில்லாமல். "உங்கட வீட்டிலயிருந்து ஆர் போன் எடுத்தாலும் அவ எழும்பி நிண்டுதான் கதைப்பா."

அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அதனால் என் நம்பரை அவருடைய போனில் போட்டுவிட்டு, அக்கா விரும்பினால் கொடுக்கச் சொன்னேன். கொடுத்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். இதுவரை அக்காவிடமிருந்து போன் வரவில்லை.