கமினோசேயின் மஞ்சள் கற்கள்

தண்டவாளத்தில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட மனிதர், மூன்று மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்பதற்காக இனிப்புப் பெட்டியோடு நிலையத்துக்கு வந்தார். கமினோசே ரயில் நிலையத்தின் ஒரே ஊழியரான மிட்சுயோவுக்கு அந்தக் காட்சியைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. விழுந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். விழ வைத்தவர்கள் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அதை வாங்கிக்கொள்ள நிற்கிறார்கள்.

மிட்சுயோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இளமையெல்லாம் துறைமுகத்தை ஒட்டிய ஆலையில் கானாங்கெளுத்தி மீனைத் தகர டப்பாவில் அடைப்பதிலேயே போயிற்று. ஆலையை மூடியபோது, ரயில் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் அவளை இந்த நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அதே நீலக் கோட்டு, அதே வெள்ளைக் கையுறை. தொப்பியில் மட்டும் கம்பெனிச் சின்னம் கிடையாது. தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'ஒப்பந்தத்தம்மா' என்பார்கள். பயணச்சீட்டு கொடுப்பதும் கழிவறை கழுவுவதும் பனி வாருவதும் இந்த ஒப்பந்தத்தம்மாதான்.

இத்தனைக்கும் அந்த வேலையில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. ரயில் வரும் முன்னும் போன பின்னும் கையை நேராக நீட்டி, ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி உரக்கச் சொல்ல வேண்டும். "தண்டவாளம், சரி. நடைமேடை, சரி. மஞ்சள் கோடு, சரி." கண் பார்க்கிறது, விரல் காட்டுகிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. நான்கும் சேர்ந்தால் தவறே நடக்காது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை அப்படியே நம்பினாள். வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு விரலை நீட்டி "அடுப்பு, சரி" என்பாள். அவள் தங்கை ஒருமுறை, "உன் வீட்டுக்காரரையும் இப்படித்தான் தினம் செக் பண்ணியா? பாவம், அதான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாரு" என்று கிண்டலடித்தாள். மிட்சுயோ அவளையும் விரலால் சுட்டி, "வாய், சரியில்லை" என்றாளாம்.

விழுந்த மனிதர் இசோபே. மெல்லிய ஊசிகளைக் குத்தி வலி போக்கும் வைத்தியர். சிறுவயதுக் காய்ச்சலில் இரண்டு கண்ணும் போனவர். பக்கத்து ஊரில் அவர் கை பட்டால் இடுப்பு வலி போகும் என்று கூட்டம் காத்திருக்கும். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். மிட்சுயோ கூவுவதைக் கேட்டே அவள் உடம்பைப் படித்துவிடுவார்.

"மிட்சுயோம்மா, இன்னைக்கு வலது தோள்ல வலி. 'சரி'ங்கிறப்ப குரல் நொண்டுதே."

"காசு வாங்காம வைத்தியம் பாத்தா பலிக்காதுங்க வைத்தியரே. போய் ரயில்ல ஏறுங்க."

போன இலையுதிர்காலத்தில், துருப்பிடித்த பழைய மேம்பாலத்தைக் கம்பெனி இடித்தது. நடைமேடையின் தென்கோடியில் தண்டவாளத்தைக் கடக்கப் புதுப் பாதை போட்டார்கள். பாலத்தின் படிக்கட்டு நின்ற வடகோடியைத் தோண்டி, சிமெண்டு பூசி, பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் கற்களைத் திரும்பப் பதித்தார்கள். வட்டார மேலாளர் தத்சுமி நேரில் வந்து, பளபளவென்று நீண்ட மஞ்சள் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். மிட்சுயோ அதைத் தினமும் பெருக்கினாள். தினமும் விரல் நீட்டி, சரி என்றாள்.

பிப்ரவரியில் ஒருநாள் பனியால் ஒற்றைப் பெட்டி ரயில்தான் வந்தது. வழக்கமான இடத்தில் நிற்காமல் வடகோடியில் நின்றது. இசோபே இறங்கினார். ரயில் போனதும் மிட்சுயோ விரலை நீட்டி மூன்றையும் சொல்லி முடித்தாள். கடைசிச் சொல் வாயிலிருந்து போன மறு நொடி, கைத்தடி மட்டும் கல்லில் விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் அபாயப் பொத்தானை அழுத்தினாள். நடைமேடையின் மறுபக்கத்தில், அவர் விழுந்து கிடந்த தடத்தில் வந்த சரக்கு ரயில் அவரிடமிருந்து கொஞ்ச தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது.

கம்பெனி விசாரித்தது. நடைமேடையில் குறை ஏதுமில்லை, பயணி கால் தவறி விழுந்தார் என்று முடித்தது. அவளையும் கேட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது என்றுதான் அவளும் சொன்னாள். அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தானே இருந்தது.

ஊர் வேறு காரணம் கண்டுபிடித்தது. அந்தக் காலத்தில் பாலம் கட்டுவதற்காக அங்கிருந்த நரித் தெய்வத்தின் சிறு கோயிலை நகர்த்தினார்களாம். பாலம் போனதும் தெய்வம் தன் இடத்தைக் கேட்கிறதாம். பனிக்காலத்தில் ஒரு மீன் வியாபாரி அங்கே வழுக்கி விழுந்திருந்தார். அது ஒன்று, இது இரண்டு. கம்பெனிக்கு இது வசதியாகப் போயிற்று. நடைமேடை வேலை செய்த ஒப்பந்தக்காரன்மேல் பழி போட்டால் வழக்கு வரும், கேள்வி வரும். தெய்வத்தின்மேல் போட்டால் அது வாயைத் திறக்காது. மே மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, இடத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்குக்குப் பூசாரியை வரவழைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேசை, அதன்மேல் முழு மீன், அரிசி, உப்பு, மதுக்குடுவை.

அந்த நேரத்தில்தான் டாக்சியிலிருந்து இசோபே இறங்கினார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் வெள்ளைத் தடி. டாக்சி ஓட்டும் ஒகினோமே, துணியில் கட்டிய இனிப்புப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். மேலாளர் எங்கே என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி, வலிக்கும் இடுப்பை மடக்கிக் குனிந்தார் இசோபே.

"அன்னைக்கு என்னால ரயிலெல்லாம் தாமதமாயிருச்சு. எத்தனையோ பேருக்குச் சிரமம் குடுத்துட்டேன். மன்னிக்கணும்."

தத்சுமி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தானும் குனிந்தார். "பரவாயில்லீங்க ஐயா. இனிமே கவனமா இருந்தாப் போதும்."

மிட்சுயோவின் காதில் அது அறைந்தது போல விழுந்தது. எந்த ஊர் நியாயம் இது? அவள் இசோபேயின் கையைப் பிடித்து, எதற்காக இப்படி வந்தீர்கள் என்று மெல்லக் கேட்டாள்.

"என் காலுக்கு வயசாயிருச்சும்மா" என்றார் அவர். "வரிக் கல்லுன்னா நட, புள்ளிக் கல்லுன்னா நில்லு. நாப்பது வருசமா அதை நம்பித்தான் நடக்கிறேன். அன்னைக்குக் கடைசிவரைக்கும் நட நடன்னுதான் கல்லு சொன்னமாதிரி இருந்திச்சு. நடுவுல புள்ளி வந்திருக்கும், நான்தான் கவனிக்காம விட்டிருப்பேன்."

மிட்சுயோ வடகோடியைப் பார்த்தாள். மஞ்சள், நெடுக மஞ்சள். ஒரு குறையும் தெரியவில்லை. இத்தனை மாதம் ஏமாந்த கண்ணை இன்னும் நம்பிப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. காலணியைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு கல்லின்மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். பாதத்தின் அடியில் நீள வரிகள் புடைத்திருந்தன.

"நட" என்று பழக்கத்தால் உரக்கவே சொன்னாள். அடுத்த கல். "நட." கோடு திரும்பியது. அவளும் திரும்பினாள். "நட." அதற்கும் அடுத்த கல். "நட." புள்ளி இதோ வரும், இப்போது வரும் என்று கால் தேடியது.

"நில்லுடி!"

இசோபேயின் குரல். உரிமையோடு பேசினாலும் ஒருநாளும் அவளை அப்படி அழைத்தவரில்லை. கண்ணைத் திறந்தாள். பாதத்தின் முன்பாதி அந்தரத்தில் இருந்தது. விரல்கள் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தன. கீழே கருங்கல் சரளையும் தண்டவாளமும். விளிம்புவரை வரிக் கற்கள்தான். புள்ளிக் கல் ஒன்றுகூட இல்லை. படிக்கட்டு நின்ற இடத்தில் கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம் ஒட்டி, பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க முடியாதவருக்காகப் போட்ட கல்லைப் பார்க்கிறவர்களே பார்த்து, படம் எடுத்து, சரி சொல்லியிருக்கிறார்கள். அதில் அவளும் ஒருத்தி.

அவள் பின்னுக்கு வந்தாள். "குரல் வரக்கூடாத இடத்துலேர்ந்து வந்திச்சும்மா" என்றார் இசோபே. "நான் விழுந்த இடம் அது."

பூசாரி, சடங்குக்காக வீசும் காகிதக் குஞ்சக் கோலைத் தாழ்த்திவிட்டார். தத்சுமிக்கு முகம் வெளுத்திருந்தது. ஆனாலும், சடங்கு முடியட்டும், இதை அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம், ஒப்பந்தத்தம்மா வெளியே எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

மிட்சுயோ அவர் கையிலிருந்த இனிப்புப் பெட்டியை எடுத்து இசோபேயின் கையில் வைத்தாள். பிறகு அவர் முன்னால் குனிந்தாள். "ஒவ்வொரு ரயிலுக்கும் விரல நீட்டி சரின்னு சொன்னேன் வைத்தியரே. சரியில்ல. உங்க கால் மேல எந்தத் தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

வைத்தியர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகம் கோணிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகத் தன் காலையே திட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"மேலாளர் சார்" என்றான் ஒகினோமே, பல்லைக் குத்திக்கொண்டே. "நீங்களும் இனிமே கவனமா இருந்தாப் போதும்."

மாலை ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மிட்சுயோ படையல் மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். கனமாக இருந்தது. பூசாரி ஒரு கணம் தயங்கிவிட்டு, கோலை இடுப்பில் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டுபோய், பொய் சொல்லும் அந்தக் கற்களுக்குக் குறுக்கே வைத்தார்கள். குடுவை சாய்ந்து மது வழிந்தது.

தத்சுமி பதறினார். "அது சாமிக்கு வச்சது!"

"சாமி விழமாட்டாரு சார்" என்றாள் மிட்சுயோ.

ரயில் வந்து நின்று, புறப்பட்டுப் போனது. இறங்கியவர்கள் நடைமேடையில் மீனும் அரிசியுமாய்க் குறுக்கே கிடந்த மேசையைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். அவள் காலுறையோடே போய்த் தன் இடத்தில் நின்று, தொப்பியைச் சரிசெய்து, கையை நேராக நீட்டினாள்.

"தண்டவாளம், சரி. நடைமேடை, சரி."

விரலை மேசையின் பக்கம் திருப்பினாள். குரல் நிலையத்தைத் தாண்டித் தெருவரைக்கும் கேட்டது.

"மஞ்சள் கோடு, தப்பு!"